செட்டிநாட்டுக்கு ஒரு தோணி வேண்டும்: நகரத்தார் சங்கங்களுக்கும் பாரம்பரிய இல்ல விடுதியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை முதலிய ஊர்களில் பூர்வீக இல்லங்களைத் தங்கும் விடுதிகளாக நடத்திவரும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிச் செல்லும் மரத்தோணிகளில் ஒன்றை நாம் கூட்டாக வாங்கி, அதற்கு மீண்டும் முழுப் பாய் கட்டி, நம் ஊர்களைக் காண வரும் பயணிகளை விருந்தினர் மாலுமிகளாக ஏற்றிக் கடலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்பது உல்லாசக் கப்பல் அன்று. விருந்தினர் மாலுமி என்பவர் கட்டணம் செலுத்தி ஏறுகிறார். ஏறிய பிறகு கயிறு இழுக்கிறார், தோணித் தலைவரான தண்டலின் கண்காணிப்பில் சுக்கான் பிடிக்கிறார், இரவில் முறைவைத்துக் காவல் நிற்கிறார், சமையல் கட்டில் வெங்காயம் உரிக்கிறார், சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறார். முன்அனுபவம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய மரக்கப்பல்கள் பல இன்றும் மிதப்பது இத்தகைய விடுமுறைப் பயணங்களால்தான்.

கடற்கரையே இல்லாத செட்டிநாட்டுக்கு இது எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்பீர்கள். நம் வீடுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவரின் பின்னால் ஒரு காலைப் பொழுது நடந்து பாருங்கள். முகப்பில் இத்தாலியப் பளிங்கு, பட்டாலையில் பர்மாத் தேக்குத் தூண், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். இவையெல்லாம் எப்படி இங்கு வந்து சேர்ந்தன என்று பயணி கேட்டால் ‘கப்பலில் வந்தது’ என்ற இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்து இலைபோட்டுச் சாப்பாடு. நம் ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபோது தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதி என்றே குறிக்கப்பட்டன. அந்த வணிகம் நடந்தது கடலுக்கு அப்பால். இருந்தும் கடலைப் பற்றி நாம் பயணிகளுக்குக் காட்டுவதற்கு ஒரு துடுப்புகூட நம்மிடம் இல்லை.

தேக்கு மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காய வைத்து, பிறகுதான் வெட்டினார்கள். யானை இழுத்து ஓடையில் தள்ளிய கட்டை மழை வெள்ளத்துக்குக் காத்திருந்து, ஐராவதியிலோ சால்வீனிலோ இறங்கி, ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் வந்து, அறுவை ஆலைகளைக் கடந்து கப்பலேறியது. நம் வீட்டு உள்முற்றமான வளவில் நிற்கும் ஒரு தூணுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளும் இத்தனை பேருடைய உழைப்பும் இருக்கின்றன. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்கு ஒரு கப்பலின் மேல்தளத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

‘கொண்டு விற்கப் போன’ நம் முன்னோர் எப்படிப் போனார்கள் என்பதும் அவ்வாறே மறைந்துகொண்டிருக்கிறது. நீராவிக் கப்பல்கள் பெருகும் வரையில் அவர்கள் பாய்க்கப்பல்களில்தான் போனார்கள். காற்று சாதகமாக இருந்தால் சில வாரங்களில், இல்லையென்றால் அதற்கும் கூடுதலாக. வேலையில் சேர்ந்த சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். கடையைக் கூட்டி, தண்ணீர் எடுத்து வைத்து, பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பார்த்துக் கற்று, பின்னர் அடுத்தாளாகி, ஒருநாள் கடைப் பொறுப்பேற்கும் மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பினான். விருந்தினர் மாலுமியின் நிலையும் ஏறக்குறைய அந்தப் பெட்டியடிப் பையனின் நிலைதான். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் சிங்கப்பூர் தெண்டாயுதபாணி கோயிலுக்கும் விமானத்தில் போய்த் தைப்பூசம் கும்பிட்டு வருகிறோம். அந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் கடந்த தண்ணீரை நம் பிள்ளைகள் மேலிருந்து மேகமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் கோரிக்கை ஆசையின் பேரில் எழுந்ததா, கணக்கில் நிற்கக்கூடியதா என்பதை நீங்கள் முதலில் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் லாரிகளும் ரயிலும் சரக்கையெல்லாம் பிடுங்கிக்கொண்ட பிறகு, விறகும் செங்கல்லும் மரமும் ஏற்றிய இரட்டைப் பாய்மரக் கப்பல்கள் துறைகளில் கிடந்து மக்கின. 1936இல் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் அத்தகைய கப்பல் ஒன்றில் கோடை விடுமுறைக்காரர்களை ஏற்றத் தொடங்கினார். அந்தத் தொழில் இன்றுவரை நடக்கிறது. 1871இல் கட்டப்பட்ட லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச், ஸ்டீபன் டேபர் ஆகிய இரண்டு மரக்கப்பல்களும் அதே கரையில் இன்னும் விருந்தினருடன் பாய் விரிக்கின்றன. இங்கிலாந்தில் 1904இல் பிளிமத்தில் கட்டப்பட்ட பெஸ்ஸி எல்லன் என்ற சரக்குக் கப்பலும், 1924ஆம் ஆண்டின் பிராவிடன்ட் என்ற மீன்பிடிக் கப்பலும் இதே வழியில் பிழைத்தவை. நெதர்லாந்தில் உள்நாட்டு நீர்வழிகளில் சரக்கேற்றிய தட்டையடிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் இப்படி ஓடுகின்றன. எல்லாவற்றிலும் வரலாறு ஒன்றுதான்: சரக்குப் போயிற்று, பயணி வந்தார், கப்பல் பிழைத்தது.

வணிகக் கப்பல்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் எஞ்சின் அறையில் கழித்தவனுக்குப் பாய் என்பது புதிய கல்வியாக இருந்தது. மெய்ன் கரையில் அத்தகைய கப்பல் ஒன்றில் விருந்தினனாக ஏறியபோது, பெரிய பாயை உயர்த்த எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். இடப்பக்கக் கயிறு, பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் பருமலின் அடியைத் தூக்கும். வலப்பக்கக் கயிறு அதன் நுனியைத் தூக்கும். இரு வரிசையும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பருமல் சாய்ந்து, பாய்மரத்தோடு சிக்கி நின்றுவிடும். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பின்னால் கல்லூரி மாணவன் ஒருவன். கப்பலின் துணைத்தலைவி குரல் கொடுக்கக் கொடுக்கக் கை மாற்றி இழுத்தோம். பாதி உயரத்துக்குப் பிறகு கித்தான் காற்றைப் பிடிக்கத் தொடங்கியதும் கயிறு கனத்தது; உள்ளங்கை எரிந்தது. கடைசியாக அதைக் கட்டையில் எட்டு வடிவில் சுற்றி முடிக்கும் வரை ஒருவரும் பிடியை விடக்கூடாது என்பது விதி. முடிந்ததும் எல்லோரும் கீழே போய், விறகடுப்பில் சமைத்த சோற்றுக்கு, இல்லை, ரொட்டிக்கு, வரிசையில் நின்றோம். நம் கரையில் இந்த வேலைக்குப் பாட்டே இருக்கிறது. ஏலேலோ என்றும் அம்பா என்றும் வடம் இழுத்தவர்கள் பாடிய பாட்டுகள் கேசட்டிலும் மேடையிலும் ஒதுங்கிவிட்டன. அவற்றுக்கு உரிய வடம் திரும்பக் கிடைக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்ய வேண்டும். கேரளத்தில் நெல்லேற்றிய கெட்டுவள்ளம் என்ற மரப்படகுகள் என்ன ஆயின என்பதை நாம் அறிவோம். குளிர்சாதனப் படுக்கையறையும் ஜெனரேட்டரும் ஏற்றப்பட்டு, வேம்பநாட்டுக் காயலின் நெரிசலுக்கும் கழிவுக்கும் ஒரு காரணமாகிவிட்டன. அவற்றில் ஏறும் பயணிக்கு வள்ளத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இந்தோனேசியாவில் பினிசி கப்பல் கட்டும் கலை 2017இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் சுற்றுலாவுக்கு ஓடும் பினிசிகள் பலவற்றில் பாய் என்பது பெரும்பாலும் புகைப்படத்துக்கு விரிக்கப்படும் அலங்காரம். நம் விடுதிகளில் அறை வாடகையை உயர்த்தப் பழகிய கைகளுக்குத் தோணியின் சரக்கறையை மூன்று சொகுசு அறைகளாகத் தடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் முதல் மாதத்திலேயே வரும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தால் இம்முயற்சியைத் தொடங்காமலே இருப்பது நல்லது.

தூத்துக்குடித் தோணியைச் சொல்வதற்குக் காரணம், அது இன்னும் உயிரோடு இருக்கும் தொழில் என்பதே. காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்குப் போய்வரும் அந்தத் தோணிகள் இன்று எஞ்சினை நம்பியே ஓடுகின்றன. பாய் கட்டி ஓட்டத் தெரிந்த தண்டல்களுக்கு வயதாகிவிட்டது. ஏராக்கட்டை என்ற அடிமரத்தைப் போட்டு, வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி வங்கு என்ற விலாச் சட்டங்களை வைத்து, பலகை ஏற்றும் மேஸ்திரிகள் வரைபடம் இல்லாமல் கண்ணளவில் வேலை செய்பவர்கள். பலகைகளின் இடுக்கில் பருத்தித் திரியை உளியால் அறைந்து ஏற்றிக் கலபத்து அடிப்பவரின் வேலையை ஒருமுறை அருகே நின்று கவனிக்க வேண்டும். திரி போதிய அளவு இறங்கியதும் சுத்தியலின் ஓசை மாறும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் அவர் அடுத்த விரற்கடைக்கு நகர்கிறார். இந்த அறிவு நூலில் இல்லை. வேலை இருந்தால் மகனுக்குப் போகும், இல்லையென்றால் போகாது.

தமிழர் மரக்கப்பலின் தரத்தைப் பற்றி ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, பெயரை மாற்ற, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைப் பாயில் ஓட்டி, 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அண்மையில் இந்தியக் கடற்படையும், அஜந்தா ஓவியத்தில் கண்ட கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கௌண்டின்யாவை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பியது. போற்ற வேண்டிய முயற்சி. ஆனால் அதில் பொதுமக்கள் ஏற முடியாது. அரசு தன் பங்கைச் செய்துவிட்டது என்று நாம் கை கட்டி நிற்கவும் முடியாது.

இனி நடைமுறை. பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல் என்ற வகைக்குள் போய்விடும். அதற்குரிய கட்டுப்பாடுகளை மரத்தோணி ஒன்று நிறைவேற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆகவே ஒரு பயணத்துக்குப் பன்னிரண்டு விருந்தினர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கிடையாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். விடுதி உரிமையாளரின் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பதற்காகப் பதின்மூன்றாவது படுக்கை போடப்படக் கூடாது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயை மட்டுமே கொண்டு செலுத்துவதற்குப் போதிய பாய்ப்பரப்பு உடையதையே பாய்க்கப்பல் என்று வரையறுத்தது. நாம் முழுப் பாய் கட்ட வேண்டும் என்பதற்கு அழகைத் தவிர இப்படியொரு காரணமும் உண்டு. 2025இல் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் நிறைவேறியிருப்பதால், தோணிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கடல்சார் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு தூத்துக்குடி வணிகக் கடல்துறை அலுவலகத்துக்கும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கும் போய்வர வேண்டும்.

பருவம் தை முதல் சித்திரைத் தொடக்கம் வரை. ஐப்பசி, கார்த்திகையில் புயல். வைகாசிக்குப் பிறகு மன்னார் வளைகுடாவில் தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று ஓயாது. எஞ்சிய மாதங்களில் தோணியைக் கரையேற்றிப் பழுது பார்க்கலாம். மெய்ன் கப்பல்களும் குளிர்காலத்தை அப்படித்தான் கழிக்கின்றன. முதல் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் மூன்று இரவுப் பயணங்கள் போதும். தேசியக் கடல் பூங்காவின் 21 தீவுகளையும் விட்டு விலகி, பவளப்பாறை இல்லாத இடத்தில் மட்டும் நங்கூரம் போட வேண்டும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது தோணி தொண்டிக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய பழைய துறை அது. தூத்துக்குடியிலிருந்து அங்கு வரப் பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழுந்து கப்பலுக்கு வழிவிடும். பக்கத்திலுள்ள சாலைப் பாலம் எழாது. ஆகவே பாய்மரத்தின் உயரத்தைச் சாலைப் பாலத்தின் அடிமட்டத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். மரம் நட்ட பிறகு இதை யோசித்தால் அறுப்பதைத் தவிர வழியில்லை. கால்வாயின் ஆழமும் குறைவு. பாரம் ஏற்றாத தோணியாக இருப்பது இங்கே நமக்கு அனுகூலம். பாம்பனைக் கடந்து பாக் நீரிணைக்குள் நுழைந்த பின் இலங்கையுடனான எல்லைக்கோட்டை நெருங்காமல் கரையோரமாகவே வர வேண்டும் என்பதையும், வலை விரித்திருக்கும் மீனவருக்கு நாம்தான் விலகிக்கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரைகளை ஒட்டி 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் இருப்பதால், அந்தப் பக்கம் நாம் போகவே வேண்டியதில்லை.

தோணியில் தண்டலின் சொல்லே முடிவு. காற்று சரியில்லை என்று அவர் சொன்னால் பயணம் இல்லை. முன்பதிவு செய்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையார்பட்டிக்குக் காரில் அனுப்பிவைக்க வேண்டியதுதான். தண்டலுக்கும் மாலுமிகளான கலாசிகளுக்கும் பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் ஆண்டு முழுவதும் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பயணம் நடந்தால்தான் கூலி என்று வைத்தால், கெட்ட காற்றிலும் பாய் விரிக்கச் சொல்லி நாமே அவர்களைத் தூண்டியவர்கள் ஆவோம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்கிறேன். நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கப்பலேறினார்கள். ஆச்சிமார் வளவில் இருந்து வீட்டையும் வரவு செலவையும் பிள்ளைகளையும் கோயில் காரியத்தையும் நடத்தினார்கள். கடிதம் வரும் நாளை எண்ணியே காலம் போனது. இப்போது நாம் வாங்கப்போகும் தோணியில் முதல் நாளிலிருந்தே பெண்களுக்குத் தனிப் படுக்கைப் பகுதியும் தனிக் கழிப்பறையும் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் மரக்கப்பலில் அதற்கு இடமே கிடைக்காது. உணவில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கலாசிகள் சாப்பிடும் மீன் குழம்பும் கஞ்சியும் துவையலுமே விருந்தினருக்கும். விருந்துச் சாப்பாடு கரைக்கு வந்த பிறகு.

பணத்துக்கு வருகிறேன். நன்கொடைப் பட்டியல் போட்டுக் கல்வெட்டில் பெயர் வெட்டும் முறையில் கோயில் திருப்பணி முடியும், கப்பல் ஓடாது. ஏனெனில் மரக்கப்பலுக்கு வாங்கும் விலையைவிட ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பே தலைவலி: அடிப்பலகையைப் புழு அரிக்கும், கலபத்து இளகும், கயிறும் கித்தானும் வெயிலில் நைந்துபோகும். இதற்கு நம்மிடமே பழைய வழி இருக்கிறது. வியாபாரத்தில் நடக்கும் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துக் கோயிலும் சத்திரமும் நடத்தியவர்கள் நாம். பாரம்பரிய இல்ல விடுதி ஒவ்வொன்றும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தோணி மகமை எடுத்துவைத்தால் கரையேற்றும் செலவு அதிலிருந்தே வரும். தோணியில் ஏறாத பயணியும் அதைத் தாங்கியவராவார். வாங்கும் முதலை மட்டும் பங்குகளாகத் திரட்டலாம். மூன்று ஆண்டு முடிவில் மேலாள் கணக்கு ஒப்படைப்பதுபோல் எல்லாப் பங்குக்காரர் முன்னும் பற்று வரவு வைக்கப்பட வேண்டும். தாங்கவில்லை என்று தெரிந்தால் தோணியை அதே தூத்துக்குடியில் ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். அதைக் கொண்டுவந்து ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் காட்சிப்பொருளாக நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் மனத்தில் இருக்கும், நியாயமான கேள்வி. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, மிதவைப் படகு, வானொலித் தொடர்பு, கப்பல் இருக்கும் இடத்தை ஓயாமல் அறிவிக்கும் கருவி, ஒவ்வொரு புறப்பாட்டையும் கடலோரக் காவல்படைக்கு எழுத்தில் தெரிவிப்பது, பயணிக்கும் ஊழியருக்கும் காப்பீடு ஆகியவை இல்லாமல் ஒரு நாள்கூடத் துறையை விட்டு விலகக் கூடாது. மேல்தளத்தில் வேலை செய்யும் விருந்தினர், ஏறிய முதல் மணி நேரத்தில், எந்தக் கயிற்றைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பழகிய பிறகே பாய் விரிக்கப்பட வேண்டும்.

பழனிப் பாதயாத்திரை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பின், மாசி மாதத்தில் ஒரு நாள் சங்கங்களின் சார்பில் ஐந்தாறு பேரும் விடுதிகளின் சார்பில் ஐந்தாறு பேரும் தூத்துக்குடிக்கு வர இசைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விற்பனைக்கு நிற்கும் தோணிகளைப் பார்ப்பதற்கும், தண்டல்களோடும் மேஸ்திரிகளோடும் பேசுவதற்கும், மரத்தைத் தட்டிப் பார்த்து விலை மதிக்கத் தெரிந்த ஆய்வாளர் ஒருவரை அழைத்துவருவதற்கும் நான் ஏற்பாடு செய்கிறேன். கூட்டு வீடுகளை விடுதியாக நடத்துவோர், மகமைக்குப் பங்காளிகளின் ஒப்புதலை அதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வந்தால், அன்றைக்கே தொகையைப் பேசி முடிக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
தேவகோட்டை நகரத்தார் ஒருவன்